பீலிக்கரை ஒப்பாரி

அந்த நாடா தண்ணீரில் தொடங்குகிறது. பதினோரு விநாடிக்கு வேறொன்றும் இல்லை, பீலியிலிருந்து கல்லில் விழும் தண்ணீர் மட்டும். பிறகு மாமாவின் குரல்: "ஓடுதும்மா, பாடுங்க. நான் மேல நிக்கிறேன்." அவர் காலடி தூரமாகிறது. மறுபடியும் தண்ணீர். அதற்கப்புறம்தான் அம்மாயி தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடலூரில் இருக்கும் தன் தங்கச்சியைக் கூப்பிடுகிறாள்.

1986 கார்த்திகை. ஹாலிஎல டவுனிலிருந்து மேலே ஏறும் தோட்டம் ஒன்றின் கீழ்க்கணக்கு. சின்ன அம்மாயியின் புருஷன் இறந்துபோன கடுதாசி, அங்கே கருமாதி முடிந்து மூன்று வாரம் கழித்து இங்கே வந்து சேர்ந்திருந்தது. போய்ப் பார்க்க வழியில்லை. தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த கப்பல் 1984-இல் நின்றுவிட்டது. விமானம் என்பது கொழுந்துக் கணக்கில் பேர் வாங்கிச் சாப்பிடும் வீட்டில் பேசுகிற பேச்சில்லை. அத்தை குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் முதல் தடவை திரும்பியபோது கொண்டுவந்த நேஷனல் பேனசோனிக் ஒன்று இருந்தது. மாமாதான் சொன்னார், அழ வேண்டியதை கேசட்டில் அழுது அனுப்பிவிடலாமே என்று.

அம்மாயி ஒரு நாள் முழுக்க யோசித்தாளாம். அப்புறம் சரியென்றாள், ஆனால் காம்பராவுக்குள் வைத்துப் பாட முடியாது என்றாள். "சாவு விழுந்த வீடு அங்க இருக்கு. இங்க உக்காந்து ஒப்பு வச்சா, இங்கயும் வான்னு கூப்பிட்ட மாதிரி ஆயிரும்." ஆகவே லயத்துக்குக் கீழே, ஆள் நடமாட்டம் ஓய்ந்த மத்தியான நேரத்தில், பீலிக்கரை. தூறல் விழுந்தால் நனையாமலிருக்க ரெக்கோடருக்கு ஒரு கொங்காணிச் சாக்கு. பொம்பளை ஒப்பு வைக்கும் இடத்தில் ஆம்பளை நிற்பது முறையில்லை என்று மாமா மேட்டுக்கு ஏறிவிட்டார். இயந்திரத்தோடு அம்மாயி தனியாக இருந்தாள்.

அசல் கேசட் பதிவுத் தபாலில் கூடலூருக்குப் போனது. வழியில் தொலைந்தால் என்ன செய்வதென்று பதுளையில் ஒரு ரெக்கோடிங் பாரில் கொடுத்து மாமா ஒரு பிரதி எடுத்து வைத்தார். அந்தப் பிரதிதான் என்னிடம் இருப்பது. பழைய கேசட்டை அழித்து எடுத்திருப்பார்கள் போல. அம்மாயி மூச்சு வாங்கும் இடங்களில், அடியில், ஏதோ ஒரு படப்பாட்டின் நிழல் கேட்கும்.

இதே பாட்டுக்கு என்னிடம் மொத்தம் நான்கு பதிவுகள் உண்டு. பல வருடமாக அவற்றைத் தனித்தனியாகத்தான் வைத்திருந்தேன். அடுத்தடுத்து வைத்துக் கேட்க நேர்ந்தது மருமகன் ஒருவனால். அவன் கதை பின்னால் வரும்.

ஒப்பாரி என்பதை எங்கள் பக்கம் ஒப்புச் சொல்லி அழுவது என்பார்கள். செத்தவரைப் பொன்னுக்கும் முத்துக்கும் தேருக்கும் ஒப்புச் சொல்வது. அச்சு எல்லோருக்கும் பொது. ஒரே உவமை பசறையிலும் கேட்கும், மடுல்சீமையிலும் கேட்கும், கடல் தாண்டி புதுக்கோட்டைப் பக்கமும் கேட்கும். பாடுகிறவள் செய்வது, அந்த அச்சில் காலியாக விட்டிருக்கும் இடத்தை நிரப்புவது. அந்த இடம் முறைப்பெயருக்கானது: அப்பா, அண்ணா, மகனே, என் ராசா. அந்த ஒரு சொல்லை மாற்றினால் பாட்டு மாறிவிடும். மெட்டு மாறாது, உவமை மாறாது, ஆனால் பாட்டு மாறிவிடும். நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர்களுக்கு இது தெரியும். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டுச் சேர்த்ததை 1983-இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று புத்தகமாக்கினார். அந்தக் காரியம் நடந்திராவிட்டால் இன்று நமக்குப் பேச வாயே இருந்திராது. ஆனாலும் அச்சில் ஏறிய ஒப்பாரியைப் படிக்கும்போது எனக்கு ஒரு சங்கடம். சொல் எல்லாம் இருக்கிறது, சொல்லப்பட்டவர் இல்லை. விலாசம் கிழிந்துபோன கடுதாசி மாதிரி.

அம்மாயியின் பதிவு பதினான்கு நிமிடம். முதல் நாலைந்து நிமிடம் முறையாக நடக்கிறது. தங்கச்சியின் தாலி, பூ, பொட்டு, இறந்தவரின் நடை, அவர் கட்டிய தலைப்பாகை. ஆறாவது நிமிடத்தில் ஏதோ தடம் புரள்கிறது. இறந்தவரை விட்டுவிட்டு அம்மாயி ஹாலிஎல ரயில்வே ஸ்டேசனுக்குப் போய்விடுகிறாள்.

அங்கே 1972 நடக்கிறது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்குப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். நெல் அளப்பவர்கூட கடைசி மரக்காலில் கொஞ்சம் தயங்குவார். எங்கள் வீட்டில் அக்கா இலங்கைக்கும் தங்கச்சி இந்தியாவுக்கும் விழுந்தார்கள். 1924-இல் பதுளை வரைக்கும் போட்டு முடித்த ரயில் பாதை அது. தேயிலையைக் கீழே இறக்கப் போட்ட பாதை, ஐம்பது வருடம் கழிந்ததும் ஆட்களை இறக்கியது. தகர டிரங்குப் பெட்டி, பாய்ச் சுருட்டு, அம்மிக்குழவி என்று ஏற்றிக்கொண்டு போன அந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பேர் வைத்துவிட்டார்கள். அம்மாயி அன்றைக்கு பிளாட்பாரத்தில் ஒப்பு வைத்து அழுதிருக்கிறாள். அதே மெட்டை, அதே சொல்லை, பதினாலு வருடம் கழித்து, இறந்துபோன ஒருவருக்காக மறுபடியும் எடுக்கிறாள். அல்லது அன்று உயிரோடிருந்தவளுக்குப் பாடியதைத்தான் இன்றும் பாடுகிறாளா? நாடாவில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி வைக்கிற வழக்கம் நமக்கு மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தேன். அயர்லாந்துக்காரர்களுக்கும் உண்டு. அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறப்போகும் பிள்ளைக்கு, ஏறுவதற்கு முந்தின ராத்திரி, பிணத்தைக் காத்து விழித்திருப்பதுபோல ஊரே விழித்திருக்கும். போனால் திரும்பி வரமாட்டான் என்று தெரியும். அதற்கு 'அமெரிக்கன் வேக்' என்று பெயர். 1845-இல் உருளைக்கிழங்கில் விழுந்த நோயும் அதையடுத்த பஞ்சமும் பத்து லட்சம் பேரைக் கொன்று, அதற்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றின. நம்முடைய தாது வருடப் பஞ்சம் 1876-இல் தொடங்கியது. அதற்கு முன்பே கோப்பிக் காலத்தில் ஆள்கட்டிக்கொண்டு வந்த பாதையில், அந்தப் பஞ்சம் இன்னும் ஆயிரமாயிரம் பேரை இழுத்துவிட்டது. இரண்டு பஞ்சங்களும் எங்கள் ஊவாவில் ஒரு வளைவில் சந்திக்கவும் செய்கின்றன. ஹப்புத்தளைக்கு மேலே தம்பதென்ன தோட்டத்தை 1890-இல் வாங்கிய தாமஸ் லிப்டனின் தாயும் தகப்பனும் அயர்லாந்தின் வடக்கிலிருந்து கிளாஸ்கோவுக்குப் பிழைக்க வந்தவர்கள். சுற்றுலாக்காரர்கள் வேன் பிடித்துப் போய் லிப்டன் சீட்டில் நின்று படம் எடுக்கிறார்கள். அவர் அம்மாவின் ஊரில் யாராவது அவர்களுக்காக விழித்திருந்தார்களா என்று அந்த இடத்தில் நின்று நான் யோசித்ததுண்டு. வேறு எதற்கும் அங்கே போனதில்லை.

ஐரிஷ் மொழியில் ஒப்பாரிக்குச் சொல் குவீனெ. இங்கிலீஷ்காரர் வாயில் அது கீனிங் ஆனது. மூன்று உறுப்பு அதற்கு. முதலில் இறந்தவரைப் பெயரும் முறையும் சொல்லி விளிப்பது, பிறகு பாட்டு, பிறகு சொல்லில்லாத ஏங்கல். ஏங்கலில் சுற்றி நிற்பவர்களும் சேர்ந்துகொள்வார்கள். எங்கள் லயத்துக் கிழவி யாரிடமாவது இதைச் சொன்னால், 'வேற எப்படி அழுவாங்க?' என்று கேட்பாள். கூலிக்கு அழும் பெண்கள் அங்கேயும் இருந்தார்கள். பாதிரிமார் நூற்றாண்டுக்கணக்கில் அதைத் தடுத்துப் பார்த்தார்கள். அந்த மொழியின் ஆகப் பெரிய புலம்பலைப் பாடியவள் எய்லீன் தூவ் என்ற பெண். 1773-இல் சுட்டுக் கொல்லப்பட்ட தன் புருஷன் ஆர்ட் ஓ லியரிக்காக அவள் பாடியது வாய்வழியாகவே நின்று, பிறகு ஏட்டில் ஏறியது. அதில் எனக்குப் பிடித்த இடம் சோகம் இல்லை, சண்டை. இறந்தவனின் தங்கை நடுவில் புகுந்து, என் அண்ணன் செத்துக் கிடக்கும்போது நீ படுக்கப் போய்விட்டாயே என்று அண்ணியைக் குத்துகிறாள். அண்ணி பாட்டிலேயே பதில் கொடுக்கிறாள். நாத்தனாரை விட்டுவைக்காத ஒப்பாரியை நான் இன்றுவரை கேட்டதில்லை என்பதால், அந்தப் பெண் பசறை றோட்டில் ஏதோ ஒரு லயத்தில் பிறந்தவள் என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் கீனிங்கைப் பதிவு செய்யப் போனவர்களுக்கு நேர்ந்த சிக்கல்தான் நான் சொல்ல வந்தது. இயந்திரம் கையில் வந்தபோது வழக்கம் போய்க்கொண்டிருந்தது. சாவு வீட்டுக்குள் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவதும் முறையில்லை. எனவே மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் கேட்டுக்கொண்டதற்காகப் பாடியவை. 1951-இல் அமெரிக்கரான ஆலன் லோமாக்ஸ் அயர்லாந்தில் எடுத்த பதிவுகளில் டோனகால் பக்கத்துப் பாடகி கிட்டி கல்லகர் இறந்த குழந்தைக்காகப் பாடும் கீன் ஒன்று இருக்கிறது. ஆரன் தீவுகளில் சிட்னி ராபர்ட்சன் கவல் எடுத்து, ஃபோக்வேஸ் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட தட்டிலும் இறந்தவருக்கான புலம்பல் உண்டு. கைப்பேசியில் இவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. தெரியாததால் குரலை மட்டும் கேட்க முடிகிறது. கிட்டி கல்லகரின் குரலில் எந்தக் குறையும் இல்லை, குறையில்லாமல் இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நடுவில் யாரும் வரவில்லை. யாரும் மூக்கைச் சிந்தவில்லை. பாட்டுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கிறது. சாவு வீட்டில் பாட்டுக்கு ஏது முடிவு? அடுத்த ஆள் வாசலில் கால் வைத்ததும் மறுபடி முதலிலிருந்து.

என் இரண்டாவது பதிவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது வீடியோ. 2009 ஆடியில் அம்மாயி போனபோது, டோஹாவில் இருந்த அவள் பேரன் பார்க்க வேண்டுமே என்று யாரோ எடுத்தது. கச்சான் காற்று மூர்க்கமாக வீசும் மாதம். அந்தக் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு வாசனையைத் தருகிறது என்று ஏலத்தில் விலை ஏற்றுவார்கள். வீடியோவில் அது மைக்கைப் பிய்த்து எறிகிறது. வாசலில் தப்பு ஒரு தாளத்தில் போகிறது, உள்ளே பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு வேறொரு தாளத்தில் போகிறார்கள். இரண்டும் ஒட்டவே இல்லை, யாருக்கும் அது குறையாகப் படவும் இல்லை. அம்மாயியின் பாட்டை, பீலிக்கரையில் அவள் பாடிய அதே பாட்டை, பக்கத்துக் காம்பராக் கிழவி எடுக்கிறாள். இரண்டு அடி. மேல்கணக்கிலிருந்து ஒரு கூட்டம் வந்து விழுகிறது. பாட்டு அறுந்து போய், புதிதாக வந்தவளின் வாயில் வேறு முறைப்பெயரோடு முளைக்கிறது: மதினி. இன்னும் இரண்டு அடி. 'பிளேன்டி குடிக்காதவங்க யாரு?' என்று ஓர் ஆண் குரல். என் பெரியம்மா ஒரு வரியை அத்தையின் பக்கம் திருப்பிவிடுகிறாள், கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றாதவர்களைப் பற்றி. அத்தை விடவில்லை. குவைத் காசில் போட்ட தகரக் கூரையை அவள் அதே மெட்டில் ஒப்புக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறாள். வீடியோவில் ஓர் இளவட்டம் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிவதும் தெரிகிறது. பதினான்கு நிமிடப் பாட்டை அந்த இரண்டு மணி நேரத்தில் ஒட்டுப்போட்டுத் தேடினால், சேர்ந்தாற்போல ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனால் நான்கில் எது ஒப்பாரி என்று கேட்டால், சட்டென்று இதைத்தான் காட்டுவேன். கேட்க எது நல்லது என்பது வேறு கேள்வி. அதற்கு இது பதிலே இல்லை.

ஒத்திகை பார்த்துப் பாடும் ஒப்பாரி ஒன்றும் எங்களுக்கு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மாசி மாதம் வளர்பிறையில் காமன் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிக்கும்போது ரதி புலம்புவாள். ரதி வேடம் கட்டுவது ஆண். மீசையை மழித்த கவ்வாத்துக்காரர் ஒருவர் சேலை கட்டி, ஈசன் எரித்த புருஷனுக்காக நடுச்சாமத்தில் பாடும்போது, அந்த வருடத்தில் தாலியறுத்த பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில் நின்று அடிவயிற்றிலிருந்து அழுவார்கள். அங்கே பாடினால் தீட்டில்லை, சாவு கூப்பிட்ட மாதிரி ஆகாது. ஏனென்றால் அங்கே இறந்தவன் ஒருவன் இருக்கிறான், அவன் பெயர் மன்மதன். தஞ்சாவூர்ப் பக்கம் இதையே எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து விடிய விடிய லாவணி பாடுவார்கள். காமன் வெந்து சாம்பலானானா, இல்லையா என்று. மலையகப் பாட்டுகளைப் பற்றி நாம் நடத்துகிற கூட்டங்களும் ஏறக்குறைய அந்த லாவணிதான். அழிந்துவிட்டது என்று ஒரு கட்சி, அழியவில்லை என்று ஒரு கட்சி. டேப் அடித்துக்கொண்டே இரண்டு பக்கமும் எழுந்து உட்காருகிறோம்.

மூன்றாவது பதிவை நானே எடுத்தேன். 2012-இல் கூடலூர் போனேன். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அங்கே, இப்போது டான்டீ. மலை அதேதான், செடி அதேதான், லயமும் ஏறத்தாழ அதேதான். இங்கே எங்களை இந்தியாக்காரர் என்பார்கள், அங்கே சின்ன அம்மாயியை நாற்பது வருடம் கழித்தும் சிலோன்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். அவளிடம் அசல் கேசட் இருக்கிறதா என்று கேட்டேன். கேட்கும் பெட்டி கெட்டு, நாடா பூசணம் பிடித்து எப்போதோ போய்விட்டதாம். "நாடா போனா என்ன தம்பி, எனக்குத்தான் பாடமாச்சே" என்றாள். பாடச் சொன்னேன். அவளும் வீட்டுக்குள் மாட்டேன் என்றாள். தேயிலை மலைக்குள் போகும் பாதையில், சில்வர் ஓக் மரம் ஒன்றின் அடியில் உட்கார்ந்து பாடினாள்.

தன் புருஷனுக்காக அக்கா பாடியதை அவள் இப்போது அக்காவுக்காகப் பாடினாள். தங்கச்சி என்ற இடத்தில் அக்கா. மற்றதெல்லாம் சொல்லுக்குச் சொல் நாடாவிலிருந்து வந்தது, அக்கா மூச்சு வாங்கிய இடத்தில் இவளும் மூச்சு வாங்கினாள். அவளுக்கு மூச்சு தீர்ந்த இடம் அதுவல்ல என்று கேட்டாலே தெரிகிறது. ஸ்டேசன் வரும் இடத்தில் கோச்சி என்றே பாடினாள். நீலகிரியில் எவரும் கோச்சி என்பதில்லை, அவள் பேச்சிலும் அது ரயிலாகிப் போயிருந்தது. பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லுக்குப் பொருளே தெரியாது, ஏதோ சாமி பேர் என்று ஒருத்தி நினைத்திருந்தாள். ஒரே ஸ்டேசனைப் பிளாட்பாரத்தில் நின்றவள் ஒரு தடவையும், பெட்டிக்குள் உட்கார்ந்தவள் ஒரு தடவையும் பாடிக் கேட்கிறேன். சொல் ஒன்றுதான். ஆனால் அக்காவின் குரல் அந்த இடத்தில் ஏறுகிறது, வண்டி நகர நகர எட்டிக் கூப்பிடுவதுபோல. தங்கச்சியின் குரல் தணிகிறது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வருடம் ஆனது.

அந்த ஏழாவது வருடத்தில்தான் மருமகன் வந்தான். நல்ல பையன், கீபோர்ட் வாசிப்பான், பதுளையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறான். மலையகம் வந்த இருநூறு வருடம் நெருங்குகிறது மாமா, அம்மாயி பாட்டை ஒரு ஆல்பமாகச் செய்கிறேன் என்று நாடாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். ஒரு மாதத்தில் கொண்டுவந்து ஹெட்போனை என் காதில் வைத்தான். முதலில் அம்மாயி குரல் இருபது விநாடி, பிறகு முறையாகச் சங்கீதம் படித்த ஒரு பெண்ணின் குரல், அடியில் தப்பு ஒரே அளவில் சுழன்று சுழன்று வருகிறது, மேலே வயலின். பாட்டு நாலரை நிமிடம். "இரைச்சலை எல்லாம் க்ளீன் பண்ணிட்டேன் மாமா" என்றான். பீலித் தண்ணீர் போய்விட்டது. இன்னொன்றும் செய்திருந்தான். தங்கச்சி என்பது தனிப்பட்ட விசயமாக இருக்கிறது, கேட்கிற எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று, அந்த இடத்தில் மலையகமே என்று வைத்திருந்தான்.

எனக்கு வந்த கோபத்தை எழுதுவதற்கில்லை. ஒரு மலையை, ஒரு சனத்தை, ஒரு கொள்கையை எப்படி ஒப்பு வைத்து அழ முடியும்? அதன் தலைப்பாகை எது, அதன் நடை எது? அது மேடைக்கு ஏறிவிட்ட பாட்டு, அழுகை இல்லை என்றேன். அவன் முகம் வாடிப்போயிற்று. ஆல்பம் வெளிவந்தது, ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். நான் ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை.

இதற்குப் பிறகு, அயர்லாந்துப் பாட்டுகளுக்குள் மறுபடி போனபோது மார்கரெட் பாரியின் கதை கிடைத்தது. கார்க் நகரத்தில் பிறந்து, பாஞ்சோவை மீட்டிக்கொண்டு சந்தைகளிலும் தெருக்களிலும் பாடிப் பிழைத்த பெண். 'ஷீ மூவ்ட் த்ரூ த ஃபேர்' என்ற பாட்டை அவள் பாடிய விதத்தை, மண்ணிலிருந்து நேராக முளைத்து வந்த குரல் என்று தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அவளிடமே கேட்டால், அதை ஜான் மக்கார்மக்கின் கிராமபோன் தட்டைக் கேட்டுப் படித்தேன் என்பாள். மக்கார்மக் கோட்டு போட்டுக் கச்சேரி மேடையில் பாடும் பெரிய டெனர் பாடகர். பாட்டோ, டோனகாலில் கிடைத்த மெட்டுக்கு ஹெர்பர்ட் ஹ்யூஸ் பியானோ சேர்த்து, பாட்ரிக் கோலம் என்ற கவிஞர் சொல் எழுதி 1909-இல் அச்சிட்டது. கிராமத்திலிருந்து பியானோவுக்குப் போய், அங்கிருந்து தட்டுக்குப் போய், தட்டிலிருந்து தெருவுக்கு இறங்கிவந்த பாட்டு. தெருவில் பாடியவள் மக்கார்மக்கைப் போலப் பாடவில்லை. தட்டில் கேட்டதைத் தன் தொண்டையில் போட்டுத் தெருவுக்கு வேண்டிய மாதிரி கரகரப்பாக்கினாள். மூலம் எது, நகல் எது என்று கேட்பவன் அங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு மருமகனின் முகம் நினைவுக்கு வந்தது.

போன வருடம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சாவு. கவ்வாத்து மலையில் குளவி கொட்டி இறந்த மனிதர். அவர் மகள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள், இருபத்திரண்டு வயதிருக்கும். ராத்திரி வண்டி பிடித்து விடியற்காலையில் வந்து இறங்கினாள். கூடியிருந்த கிழவிகள் ஒதுங்கி இடம் விட்டார்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒப்பு வைக்கத் தெரியாது, சும்மா கத்தி அழுவார்கள். இவள் முதலில் அப்படித்தான் அழுதாள். பிறகு ஒரு மெட்டு வந்தது. அம்மாயியின் மெட்டு. அம்மாயியின் மெட்டுகூட இல்லை, மருமகன் வயலினுக்காக மூன்றாவது அடியில் கொஞ்சம் நீட்டிவைத்த வளைவோடு அப்படியே. கைப்பேசியில் கேட்டுப் பழகியது. மலையகமே வரவேண்டிய இடம் நெருங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அங்கே "அப்பா" என்றாள். அப்புறம் அவர் போட்டிருந்த நீலச் சட்டையைச் சொன்னாள், கொழும்புக்குப் போகும்போது அவர் கையில் திணித்த ஐந்நூறு ரூபாயைச் சொன்னாள், இது எதுவும் எந்தப் பதிவிலும் இல்லை. கிழவிகளில் ஒருத்தி அவள் தோளில் கைபோட்டு அடுத்த அடியை எடுத்தாள், தன்னுடைய பழைய மெட்டில். இரண்டும் இடித்தன. கொஞ்ச நேரத்தில் இடிக்கவில்லை.

அதை நான் பதிவு செய்யவில்லை. செய்திருக்கலாம், பையில் கைப்பேசி இருந்தது. என்னிடம் இருப்பவை இன்றும் நான்குதான்.

மருமகனிடம் போய் மன்னிப்பென்று எதுவும் கேட்கவில்லை, அப்படிக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவன் சுத்தம் செய்யாத பிரதியை ஒரு பென் டிரைவில் போட்டுத் தருகிறாயா, நாடா இனித் தாங்காது என்றேன். தந்தான். அம்மாவுக்கு இப்போது எண்பது வயது, காது மந்தம். ஹெட்போனைப் போட்டுவிட்டு முழுக்கக் கேட்கவைத்தேன். தன் தாயின் குரலைக் கேட்டு அழுவாள் என்று பயந்திருந்தேன். அழவில்லை. ஸ்டேசன் வந்த இடத்தில் மட்டும், "ஆமா, சரியாத்தான் சொல்லுது" என்றாள்.

பாட்டு முடிந்த பிறகும் நாடாவில் ஒரு நிமிடம் போல ஓடும். அம்மாயி நிறுத்தத் தெரியாமல் விட்டது. தண்ணீர்ச் சத்தம் சட்டென்று மாறும், விட்டு விட்டு, ஏதோ குறுக்கே வைத்து எடுத்தமாதிரி. மருமகன் அதை நாடாவில் சேதம் என்றான். நானும் முப்பது வருடமாக, ரெக்கோடிங் பார்காரர் பிரதி எடுக்கும்போது செய்த கோளாறு என்றே நினைத்திருந்தேன். அம்மா கையை உயர்த்தி என்னைப் பேசாமலிருக்கச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"காலு கழுவுறா" என்றாள். "எழவு வீட்டுலருந்து வந்தா, கழுவாம காம்பராக்குள்ள போவாளா?"